பொருள் என்னும் கட்டம்

திங்கட்கிழமை. சத்துவாச்சாரி.
பத்தரைக்கே தகரக்கூரை முனகும் வெயில்.
ஆட்சியர் அலுவலகத்துப் பந்தலில்
நான்காவது கணினி என்னுடையது.
மனுவைப் படிப்பது என் வேலை இல்லை.
பெயர், ஊர், கைபேசி எண்,
பிறகு பொருள்.
பொருளுக்கு அறுபது எழுத்து இடம்.
அதற்கு மேல் அழுதால் கட்டம் ஏற்காது.

டோக்கன் நூற்றுப் பதினேழு:
நவநீதம், பேரணாம்பட்டு.
ஷூ கம்பெனியில் மேல்தோல் ஒட்டுகிறவள்.
காய்ந்த பசையில் டோக்கன் சீட்டு
விரலை விட்டு வர மறுத்தது.
மனுவை யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்,
பேருந்து நிலையத்தில், ஐம்பது ரூபாய்க்கு.
‘பொருள்: என்னை தே... என்று திட்டியது தொடர்பாக.’

தே.
அப்புறம் மூன்று புள்ளி.
என் விரல் விசைப்பலகைமேல் நின்றது.

தேர்வுக்குப் படித்ததுதான், ஒரு மதிப்பெண்:
அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது எது?
இடக்கரடக்கல்.
கறுப்பு மையில் அந்த வட்டத்தை நிரப்பித்தான்
இந்த நாற்காலிக்கு வந்தேன்.
கால் கழுவி வந்தான் என்றால்
காலைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.
தே... என்றால் நகர முடிவதில்லை.
படிக்கிறவர் வாய்
தானே உள்ளே போய் மீதியை எடுத்து வருகிறது.
புள்ளி வைத்தது ஒருவர்.
கோடு இழுப்பது
வரிசையில் நிற்கும் அத்தனை பேரும்.

இன்னொன்றும் தோன்றியது, தோன்றாமல் இருந்திருக்கலாம்:
தகப்பன் பெயரைச் சுருக்க ஒரு புள்ளி போதும்.
ஒரு பெண்ணைச் சுருக்க
மூன்று வேண்டியிருக்கிறது.

கண்காணிப்பாளர் சம்பங்கி
மோர் டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்:
‘தகாத வார்த்தைன்னு போடும்மா.’
தகாத வார்த்தை என்று தேடினால்
போன மாதம் மட்டும் நாற்பத்தொரு மனு.
வரப்பு, குழாயடி, வண்டி நிறுத்திய தகராறு.
யாரையும் குத்தாத சொல்,
யாரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத சொல்.

முழுதாக அடிக்கலாம்.
நாலே எழுத்து, இடம் இருக்கிறது.
ஆனால் இந்தக் கட்டத்தில் இருப்பதை
மைக்கில் படிப்பார்கள்.
திரையில் ஓடவிடுவார்கள்.
மனு கொடுத்தவருக்குக் குறுஞ்செய்தியும் போகும்.

‘போன் எங்க கீது?’ என்றேன்.
‘பையன் வெச்சினு கீறான். எட்டாவது.
மெசேஜ் வந்தா அவந்தான் படிச்சி சொல்வான்.’
சொல்லி முடித்த பிறகுதான்
சொன்னது அவளுக்கே கேட்டது.

முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.
மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பி
மனுவைத் தூக்கப் பார்த்தது.
கையை வைத்து அமுக்கிக்கொண்டாள்.

‘உள்ள புள்ளி வேணா. முழுசா எய்து.
விசாரிக்கிறவங்க படிக்கட்டும்.
மேல எதுக்கு என்ன திட்னத வெக்கற?
திட்னவன் பேர வெய்யி.’

சரி, பேர் சொல்லு.
‘எம்.வி. சாரு.’
எம்.வி.ன்னா?
விழித்தாள்.
ஆறு வருஷம்.
எம்.வி. சார் வர்றார், எம்.வி. சார் கூப்பிடறார்.
இரண்டு எழுத்து, இரண்டு புள்ளி.
நூற்றுப் பதினெட்டு செருமினார்.
பந்தலில் இருந்த ஒருவராலும்
இதை நிரப்ப முடியவில்லை.

என் போனில் அவளுடைய தோழியை அழைத்தோம்.
தையல் மெஷின் இரைச்சலுக்குள்
சரோஜினி யாரையோ கேட்டு,
அந்த யாரோ சம்பளப் பதிவேட்டைப் பார்த்து,
துண்டு துண்டாக வந்தது:
மாசிலாமணி மகன். வரதன்.
‘இன்னொரு வாட்டி சொல்லுடி,’ என்றாள் நவநீதம்.
எனக்கு முதல் தடவையே கேட்டிருந்தது.

பொருள்: மேற்பார்வையாளர் மாசிலாமணி வரதன் பேசியது.

கணினி ஏற்றுக்கொண்டது.
உள்ளே, மனுவின் இரண்டாம் பத்தியில்,
அவள் என் பேனாவை வாங்கி
புள்ளி ஒவ்வொன்றின் மேலும்
அழுத்தி ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தாள்.
ஒரு எழுத்து அதிகமாக இருந்தது.
புள்ளிகள் முடிந்த பிறகும்
அதைக் காகிதத்தின் ஓரத்தில் எழுதினாள்.